மறுநாள் காலையிடம் கேளுங்கள்: பெரிய காயத்துக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பும் வன்னி இளையோருக்கு

கரப்பந்தாட்டக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவன் செயற்கைக்காலைக் கழற்றினான். எஞ்சிய காலில் ஒட்டிக்கிடந்த ரப்பர் போன்ற உள்ளுறையைச் சுருட்டிச் சுருட்டி இறக்கித் தலைகீழாகப் பிடித்தான். வியர்வை ஒரு கோடாக ஒழுகிச் செம்மண்ணில் விழுந்தது. துவாயால் காலைத் துடைத்தான், உள்ளுறையைத் துடைத்தான், பையிலிருந்த சிறு முகக்கண்ணாடியை எடுத்துக் காலின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். எல்லாம் நான்கு நிமிடம். விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நான்கு நிமிடத்தைப் பழகிக்கொள்ள அவனுக்கு எட்டு மாதம் சென்றது. திரும்பிப் பார்க்காமல் இருக்க எங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் சென்றது.

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கழகத்துக்கு மாலை வேளைகளில் பயிற்சி கொடுப்பவன். வைத்தியன் அல்லன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் பெரிய காயத்தோடு திரும்பி வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்துவிட்டேன். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து, பனையிலிருந்து விழுந்தது, காணி துப்புரவு செய்யும்போது வெடித்த பழைய வெடிபொருள், மைதானத்திலேயே திருகிய முழங்கால் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. அந்த வழியில் இன்று முதல் அடி வைக்கும் பிள்ளைக்கும், பக்கத்தில் நிற்கும் தாய் தந்தையருக்கும், என்ன செய்வதென்று தெரியாமல் விசிலைக் கையில் வைத்திருக்கும் பயிற்றுநருக்கும் இதை எழுதுகிறேன்.

வைத்தியசாலையில் இருக்கும்போதே

விடுதியைவிட்டு வெளியேறும் நாளில் தரும் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எக்ஸ்ரே படங்களையும் அப்படியே. ஒரு வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு வைத்தியர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான். மழைக்காலத்தில் கூரை ஒழுகி எழுத்து அழிந்த அட்டைகளோடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

"மகன் இனி விளையாடலாமா?" என்று வைத்தியரிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் கிடைக்கும் பதில் அநேகமாக "இப்போதைக்கு வேண்டாம்" என்பதாகவே இருக்கும், வீட்டில் அது "இனி ஒருபோதும் இல்லை" என்று மாறிவிடும். இப்படிக் கேளுங்கள்: எந்த எலும்பு, எந்தத் தசைநார், எந்த நரம்பு பாதிக்கப்பட்டது? எந்த அசைவு இப்போது கூடாது, எத்தனை வாரத்துக்குக் கூடாது? எந்த அசைவை இன்றே தொடங்க வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். தாதியரிடம் கேட்டால் இன்னும் ஆறுதலாகச் சொல்வார்கள்.

அடுத்தது இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் இயன்மருத்துவச் சேவை உண்டு. மாங்குளம் ஆதார வைத்தியசாலையோடு இணைந்து ஒரு புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. முள்ளந்தண்டுக் காயம் போன்ற பெரியவற்றுக்குச் சிலரை ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். செயற்கைக்காலுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்கி வருகிறது. துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ போய்வருவது ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலியும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒரு முறை போகும்போது ஆறு பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். இயன்மருத்துவர் செய்து காட்டுவதை அனுமதி கேட்டு அலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். "பத்துத் தரம், மூன்று முறை" என்று வாய்ச்சொல்லாகக் கேட்டது பரந்தன் சந்தி தாண்டுவதற்குள் மறந்துபோகும்.

முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டாலும் போகத்தானே போகிறீர்கள். எக்ஸ்ரே எடுக்குமுன் போகாதீர்கள். சத்திரசிகிச்சை செய்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் மரத்தாலோ, குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ கட்டை அவிழ்த்துவிட்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

கால் இழந்தவருக்கு முதல் மாதங்கள்

செயற்கைக்கால் வந்தபிறகுதான் பயிற்சி தொடங்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கால் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்பது அது வருவதற்கு முந்திய வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டவர் செய்யும் முதல் தவறு, அன்பினால் வருவது. அம்மா தலையணையை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைப்பார். வலி குறையும், இதமாக இருக்கும். சில வாரங்களில் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு நேராக்க முடியாது. நேராகாத முழங்காலோடு செயற்கைக்காலில் நடப்பதே பாடு, ஓடுவது எங்கே? தலையணை வேண்டாம். கதிரையில் உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு பலகையில் நீட்டி வையுங்கள். இயன்மருத்துவர் சம்மதித்தால் ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் குப்புறப் படுங்கள். இடுப்பு முன்பக்கமாக மடங்கி இறுகாமல் இருக்க அது உதவும். முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டவருக்கு இது இன்னும் முக்கியம்.

இழுபடும் மீள் கட்டுத்துணியை எஞ்சிய காலில் எட்டு வடிவில் சுற்றக் கற்றுக்கொள்ளுங்கள். நுனியில் இறுக்கம் கூட, மேலே போகப் போகக் குறைய. வட்டமாகச் சுற்றினால் கழுத்தை நெரித்த பலூன்போல நுனி வீங்கும். இதைத் தாயும் கற்க வேண்டும், மைதான நண்பன் ஒருவனும் கற்க வேண்டும்.

இல்லாத காலின் பெருவிரல் இரவில் கடுக்கும். இல்லாத பாதத்தில் எறும்பு ஊரும். இது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. மூளை அந்தக் காலின் படத்தை இன்னும் வைத்திருக்கிறது. நல்ல காலுக்குப் பக்கத்தில் நிலைக்கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் காலை அசைத்துப் பார்க்கும் பயிற்சி சிலருக்குக் குணம் தருகிறது. இயன்மருத்துவரிடம் கேளுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் எல்லாம் போகும்.

கால் கிடைத்தபிறகு ஒரு விடயம். எஞ்சிய கால் முதல் ஆண்டில் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரே நாளுக்குள்ளும் மாறும்: எஞ்சிய கால் போய் அமரும் செயற்கைக்காலின் கிண்ணம் காலையில் இறுக்கமாக இருந்து மாலையில் தளர்ந்து, உள்ளே கால் இறங்கி, எலும்பு முனையில் குத்தும். அதனால் பையில் இரண்டு மூன்று துணிக் காலுறைகள் எப்போதும் இருக்கட்டும். தளர்ந்தால் ஒன்று கூட்டிப் போடுங்கள். வியர்த்தால் நிறுத்தி, கழற்றி, துடைத்து, மீண்டும் போடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கூடத் தேவைப்படும். கிண்ணத்துக்குள் மணல் போனால் அது அரத்தாள்தான், ஒரு மாலையில் தோலை உரித்துவிடும்.

விளையாட அல்ல, மைதானத்துக்குப் போக

உடல் தயாராவதற்குப் பல மாதங்கள் முன்பே மைதானத்துக்குப் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. விளையாட அல்ல. புள்ளி எழுத, கோடு பார்க்க, பந்துக்குக் காற்றடிக்க, சின்னப் பிள்ளைகளுக்குச் சேர்வ் போடக் காட்டிக்கொடுக்க. மைதானத்துக்கு வராமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தவர் குணமான பிறகும் வருவதில்லை. வாசலைத் தாண்டுவதுதான் கடினம். காலைவிட அதற்குத்தான் பயிற்சி தேவை.

முதல் நாள் சங்கடமாக இருக்கும். ஊரில் பெரியவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். இன்னொருவர் "உயிர் தப்பியதே போதும், இனி என்ன விளையாட்டு" என்பார். சொல்பவர் கெட்டவர் அல்லர். இந்த மண்ணில் உயிர் தப்புவதே பெரிய காரியமாக இருந்த காலத்தைக் கண்டவர் அவர். அவரோடு வாதாட வேண்டாம். "கோடு பார்க்கத்தான் வந்தேன், ஐயா" என்றால் போதும்.

பயிற்றுநர்களே, அந்தப் பிள்ளைக்கு உண்மையான வேலை கொடுங்கள், ஒப்புக்கு அல்ல. புள்ளிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நீங்களே தனியாக எழுதிக்கொண்டிருந்தால் அவனுக்குத் தெரியும். பாடசாலைகளில் தை, மாசியில் வரும் இல்ல விளையாட்டுப் போட்டி இதற்கு நல்ல தருணம்: நேரக்கணிப்பு, தடகளப் பதிவு, தொடக்க இடத்தில் வீரர்களை ஒழுங்குபடுத்துவது என்று வேலை நிறைய இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு வாசல் இன்னும் உயரமானது. வலைப்பந்தாட்டம் ஆடிய பிள்ளை செயற்கைக்காலோடு மறுபடியும் அரைக்காற்சட்டையில் வந்து நிற்பதை வீடு விரும்பாது, அவளும் விரும்பாமல் இருக்கலாம். நீளக் காற்சட்டையில் ஆடட்டும், ஒரு குறையும் இல்லை. காலைக் கழற்றித் துடைக்கக் கண்மறைவான இடம் வேண்டும். ஓர் அறை இல்லையென்றால் நான்கு தடியும் ஒரு தறப்பாளும் போதும். கூட ஒரு அக்காவோ ஆசிரியையோ வர வேண்டும். இந்த மூன்றையும் செய்து கொடுத்தபிறகு எங்கள் மைதானத்துக்கு வராமல் நின்ற பெண் பிள்ளை எவரும் இல்லை.

மறுநாள் காலை

இனி நான் சொல்லவேண்டிய ஒரே விடயத்துக்கு வருகிறேன். பயிற்சியின்போது உடல் பொய் சொல்லும். உடம்பு சூடாக இருக்கும், நண்பர்கள் கத்துவார்கள், வலி ஒளிந்துகொள்ளும். உண்மை மறுநாள் காலைதான் வெளியே வரும். அதனால் எவ்வளவு செய்யலாம் என்பதைப் பயிற்றுநரிடமோ, சுற்றுப்போட்டித் திகதியிடமோ கேட்காமல் மறுநாள் காலையிடம் கேளுங்கள்.

ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். மாலையில் இரண்டு வரி: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், வலி பத்தில் எத்தனை. காலையில் பல் துலக்குமுன் ஒரு வரி: வீக்கம் உண்டா, விறைப்பு உண்டா, தோல் எப்படி. பயிற்சியில் வலி மூன்றுக்கு மேல் ஏறாமலும் காலையில் எல்லாம் பழையபடியும் இருந்தால் அதே அளவை இன்னும் ஓரிரு முறை செய்துவிட்டுச் சிறிது கூட்டலாம். காலையில் வலியோ வீக்கமோ மிச்சம் இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். செயற்கைக்கால் போடுபவருக்கு ஒரு மேலதிகச் சோதனை: கழற்றியதும் தெரியும் சிவப்பு பத்து இருபது நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் கிண்ணம் எங்கோ அழுத்துகிறது. தோல் கொப்புளித்தாலோ உடைந்தாலோ ஆறும்வரை செயற்கைக்காலைப் போடவே கூடாது. ஊன்றுதடியில் நடங்கள், கைக்கும் வயிற்றுக்கும் பயிற்சி செய்யுங்கள். ஒரு வாரத்தைக் காப்பாற்றப் போய் மூன்று மாதத்தைத் தொலைத்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தொலைத்தவர்கள்.

ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள். தூரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்ட வேண்டாம். புதுச் சப்பாத்து வாங்கினால் அந்த வாரம் பழைய தூரமே.

படிகள் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நான் முதலில் சொன்ன இளைஞனின் கொப்பியிலிருந்து, அவன் அனுமதியோடு: முதல் இரண்டு வாரம் வளவுக்குள் நடை. பிறகு ஒழுங்கை முனைவரை. பிறகு மைதானத்தைச் சுற்றி ஒரு முறை, மாட்டுக் குளம்புக் குழிகள் இல்லாத பக்கமாக. அதன்பின் நின்ற இடத்தில் பந்தை விரலால் எடுத்துக் கொடுத்தல். பக்கவாட்டில் ஓரடி, ஈரடி. இரண்டு காலாலும் சிறு துள்ளல், இறங்குவதில் மட்டும் கவனம். வலைக்கு முன்னால் மூன்று புள்ளிக்கு ஆட்டம். மூன்று புள்ளி ஐந்தாக மாற ஒரு மாதம் எடுத்தது. இடையில் இரண்டு முறை கீழே இறங்கினான், ஒரு முறை கொப்புளத்தால், மற்றது காய்ச்சலால். இது அவனுடைய ஏணி. உங்களுடையதை இயன்மருத்துவரோடு இருந்து எழுதுங்கள்.

நேரம்: காலை எட்டு மணிக்கு முன், மாலை நாலரைக்குப் பின். செயற்கைக்காலில் நடப்பவர் அதே தூரத்துக்கு மற்றவரைவிடக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறார், முழங்காலுக்கு மேலே இழந்தவர் இன்னும் கூடுதலாக. எனவே தண்ணீர் தாகத்துக்கு முன்பே. உப்புப் போட்ட மோர் கடையில் வாங்கும் எந்தப் போத்தலுக்கும் குறைந்தது அல்ல. ஐப்பசி தொடங்கித் தை வரை மழையில் மைதானம் உளையாகக் கிடக்கும். அந்த மாதங்களைப் பாடசாலை மண்டபத்திலோ வீட்டு விறாந்தையிலோ தசைப்பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் இடத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது, வேறு ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது. ஆட்கள் நாளாந்தம் புழங்கும் மைதானத்திலும் ஒழுங்கையிலும் மட்டும் பயிற்சி செய்யுங்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும், மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் பந்து போனால் பந்து போனதுதான். ஈட்டி எறியப் பற்றைக்காட்டு வெளி வசதியாகத் தெரியும், வேண்டாம். ஏ9 ஓரத்தில் இருட்டில் ஓடுவதும் வேண்டாம்.

முழங்கால்: ஒன்பது மாதம் என்றால் ஒன்பது மாதம்

கால் இழப்பதைப் போல இது கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே ஆபத்து. உதைபந்தாட்டத்தில் திரும்பும்போது "டக்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கும், பிறகு நடக்கும்போது கால் விட்டுப்போவதுபோல இருக்கும். ஏ.சி.எல். என்று வைத்தியர்கள் சொல்லும் முன் குறுக்குத் தசைநார் அறுந்திருக்கலாம். பெண் வீராங்கனைகளுக்கு இது ஆண்களைவிட அதிகம் நேர்கிறது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஐந்தாம் மாதத்தில் கால் நன்றாகிவிட்டதுபோலத் தோன்றும். வலி இல்லை, நேராக ஓடலாம். ஆனால் பொருத்திய தசைநார் உள்ளே இன்னும் உறுதிப்படவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன் திருப்பமும் மோதலும் உள்ள விளையாட்டுக்குப் போனால் மீண்டும் அறுவதற்கான வாய்ப்புப் பெரிதாகக் கூடுகிறது, இளையோருக்கு இன்னும் கூட.

இதை எனக்குக் கற்பித்தவன் எங்கள் அணியின் முன்வரிசை வீரன் ஒருவன். வைகாசிப் பொங்கலை ஒட்டி ஒரு சுற்றுப்போட்டி. அவனுக்கு ஆறாம் மாதம். "ஓடுகிறேன் சேர், பாருங்கள்" என்று ஓடிக் காட்டினான். நான் பார்த்தேன், நம்பினேன், இரண்டாம் பாதியில் இறக்கினேன். பதினொரு நிமிடம். யாரும் அவனைத் தொடவில்லை. அந்தக் கால் மறுபடியும் சத்திரசிகிச்சைக்குப் போனது. பிழை அவனுடையது அல்ல, அவனுக்கு வயது பதினேழு. எனக்கு நாற்பத்தொன்று.

இப்போது நான் மாதத்தை மட்டும் பார்ப்பதில்லை, சோதனையும் வைக்கிறேன். நல்ல காலில் நின்று ஒற்றைக்காலால் தாண்டச் சொல்லி அளவெடுப்பேன், பிறகு காயப்பட்ட காலில். காயப்பட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். நல்ல கால் இரண்டு மீற்றர் தாண்டினால் இது 1.80 மீற்றர். மூன்று தொடர் தாண்டலிலும் அப்படியே. இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரியக் கூடாது. இவை ஒன்பது மாதமும் முடிந்தபிறகு, வைத்தியரும் சம்மதித்தபிறகு.

தலையும் முள்ளந்தண்டும்

தலையில் அடிபட்டு மயங்கியவர், குழம்பியவர், அடிபட்டதை நினைவில்லாதவர் அன்று மீண்டும் மைதானத்தில் இறங்கக் கூடாது. நன்றாக இருக்கிறேன் என்று சத்தியம் செய்தாலும் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலை. மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு, அலைபேசித் திரையைக் குறைத்தல், மெல்லிய நடை. பிறகு பாடம் முதலில், பந்து பின்பு. வகுப்பில் முழு நாள் தலைவலி இல்லாமல் இருக்க முடியாத பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை? அதன்பின் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே.

முள்ளந்தண்டுக் காயத்தோடு சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எதிரி தோல். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது, மணத்தில்தான் தெரியவரும். கால் மணித்தியாலத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒரு முறை கையால் உடம்பை உயர்த்தியோ பக்கத்துக்குச் சாய்ந்தோ அழுத்தத்தை எடுங்கள். இரவில் கண்ணாடி வைத்துப் பின்புறத்தைப் பாருங்கள். வெயிலில் நின்ற இரும்பு நாற்காலியில் துணி விரிக்காமல் உட்காராதீர்கள்.

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயம் உள்ளவர்களுக்கு இரண்டு கூடுதல் கவலை. ஒன்று, காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடாகிக்கொண்டே போகும். ஈரத் துணியும் நிழலும் கட்டாயம். மற்றது, திடீரென்று இடிக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றி வியர்த்தல். இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். நிமிர்த்தி உட்காரவைத்து இறுக்கமான பட்டிகளைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், அடங்காவிட்டால் 1990. அணியில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எந்த விளையாட்டு?

பழைய விளையாட்டுக்கே திரும்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அதை விடுமுன் அதன் இன்னொரு வடிவத்தைப் பாருங்கள். கரப்பந்தாட்டத்துக்கு அமர்ந்தாடும் வடிவம் உண்டு: ஆடுகளம் 10 மீற்றருக்கு 6 மீற்றர், வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05 மீற்றர், ஒரு பக்கம் ஆறு பேர், பந்தைத் தொடும்போது இடுப்புப்பகுதி தரையைத் தொட்டிருக்க வேண்டும். சேர்வைத் தடுக்கவும் இங்கே அனுமதி உண்டு. நின்று ஆடியவருக்கு அதைப் பழக நாள் எடுக்கும். சமமான மணலில் தறப்பாள் விரித்து, மீன்வலைத் துண்டைக் கட்டித்தான் நாங்கள் தொடங்கினோம். கால் இரண்டும் நன்றாக உள்ளவர்களையும் உட்காரவைத்து ஆடச் செய்யுங்கள். ஒரு சுற்றுக்குள் யார் வல்லவர் என்று தெரிந்துவிடும், சிரிப்பும் வரும்.

ஒரு காலை இழந்தவருக்கு ஊன்றுதடி உதைபந்தாட்டம் உண்டு: ஒரு பக்கம் ஏழு பேர், செயற்கைக்கால் இல்லாமல் இரண்டு ஊன்றுதடிகளோடு ஆடுவார்கள், தடியால் பந்தை வேண்டுமென்றே தொட்டால் பிழை, கோல் காப்பாளர் கை இழந்தவர். இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அமர்ந்து எறிபவர்களுக்கு ஒரு எறிகதிரை வேண்டும். மெத்தையோடு சேர்த்து 75 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது. நல்ல இரும்பு ஒட்டு வேலைக்காரர் ஒருவர் ஒரு நாளில் செய்துதருவார். தரையில் முளையடித்துக் கட்டாவிட்டால் எறியும் ஆளும் சேர்ந்து பறக்க நேரும்.

போட்டிகளில் இயலாமையின் வகைக்கேற்பப் பிரிவு உண்டு. தடகளத்தில் எழுத்து ஓட்டமா (டி) எறிதலா (எஃப்) என்பதைச் சொல்லும், எண் உடலைச் சொல்லும்: 42 முதல் 44 வரை செயற்கைக்கால் இல்லாமல் ஆடும் கால் பாதிப்பு, 61 முதல் 64 வரை செயற்கைக்காலோடு, 45 முதல் 47 வரை கை பாதிப்பு, 51 முதல் 57 வரை அமர்ந்து ஆடுவோர். கை பாதிக்கப்பட்டோருக்கான எஃப்46 ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் டோக்கியோவில் 67.79 மீற்றர் எறிந்து இலங்கையின் முதல் பராலிம்பிக் தங்கத்தை வென்றார். 2024 பாரிஸில் கால் பாதிக்கப்பட்ட சமித்த துலான் கொடித்துவக்கு 67.03 மீற்றரோடு வெள்ளி வென்றார். இருவரும் இராணுவத்தினர், அதனால் எங்கள் வீடுகள் சிலவற்றில் இந்தப் பெயர்களைச் சொன்னால் ஒரு மௌனம் விழும். அந்த மௌனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர்கள் எறியும் காணொளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன், கால் எப்படி ஊன்றுகிறது என்பதற்காக. தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டுமென்றால் சேலத்து மாரியப்பன் தங்கவேலு இருக்கிறார். ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய காலோடு 2016 ரியோவில் 1.89 மீற்றர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர், அடுத்த இரண்டு பராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றவர்.

வளைந்த தகடுபோன்ற ஓட்டக்காலைக் காணொளியில் பார்த்துவிட்டு அது கிடைக்கும்வரை காத்திருக்கிறேன் என்பவர்கள் உண்டு. காத்திருக்க வேண்டாம். அதற்குக் குதி இல்லை, அது ஓடுவதற்கு மட்டுமே. எறிதல், அமர்ந்தாடும் ஆட்டம், ஊன்றுதடி ஆட்டம் எதற்கும் அது தேவையில்லை.

கந்தோர் அலுவல்

சுருக்கமாக: பிரதேச செயலகத்தில் இரண்டு பேரைத் தெரிந்து வைத்திருங்கள், சமூக சேவை உத்தியோகத்தர், விளையாட்டு உத்தியோகத்தர். முதலாமவர் உதவிக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு, இரண்டாமவர் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி அறிவித்தல்களுக்கு. கிராம அலுவலரின் கடிதம், வைத்திய அறிக்கை, அடையாள அட்டை ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. பாடசாலை மாணவர் என்றால் அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல்லாக அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காட்டிக் கல்வி நிலையத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதினால் பதில் சற்று விரைவாக வருவதைக் கண்டிருக்கிறேன்.

இரவுகள்

காயம் பட்டவர் பகலில் சிரிப்பார். சாப்பாடு குறைவது, பழைய அணிச் சட்டையை யாருக்கோ கொடுத்துவிடுவது, வலி மாத்திரை விரைவாகத் தீர்வது, "நான் ஒரு பாரம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது: இவற்றைக் கண்டால் அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரே கேளுங்கள், கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பொய். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் உண்டு. தாய்மாரையும் பாருங்கள். ஒரு முறை எல்லாவற்றையும் இழந்து நடந்து வந்தவர்கள் பலர், பிள்ளையின் கட்டுத்துணியைத் துவைக்கும்போது எந்த ஆண்டில் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

முதலில் சொன்ன இளைஞன் போன மாதம் ஒரு முழுச் சுற்று ஆடினான். 25 புள்ளி. நானும் கத்தினேன், எல்லோரும் கத்தினார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு அலைபேசியில் அழைத்தேன்.

"எப்படி?"

"இரவு கழற்றும்போது சிவந்திருந்தது, சேர். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எலும்பு முனைப் பக்கம்."

"கொப்பியில் எழுதினாயா?"

"எழுதிவிட்டேன்."

அன்று மாலை அவன் ஊன்றுதடியில் வந்து புள்ளி எழுதினான்.